வாரம் முழுக்கப் பச்சை

தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் ஹேமாவதி அக்கா வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து, சாலையோரம் துப்பிவிடுவார். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. பிறகு ஒரு புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். "இதான் பாப்பா எனக்குத் தண்ணி. வூட்டுக்குப் போற வரிக்கும் தாங்கும்."

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார்களுக்கு வயர் கோக்கும் தொழிற்சாலை எங்களுடையது. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்த என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வயரைப் பார்க்காமலே சொருகுவார். 'டிக்' என்று கேட்டால் அடுத்தது. கை ஓடும்போதே பஸ் டிரைவரைப் போலப் பேசிக் காட்டுவார். நாங்கள் சிரித்தால், "பல்லக் காட்னது போதும், வயரப் பாரு" என்று அதட்டுவார்.

எங்கள் ஒவ்வொரு வரிசைக்கு மேலும் ஒரு விளக்கு. இடையில் யாராவது எழுந்து போனால் வேலை தேங்கும். பச்சை விளக்கு சிவப்பாகும். வாரம் முழுக்கப் பச்சையாக இருந்த வரிசைக்குச் சனிக்கிழமை கோழி பிரியாணி. சாப்பாட்டு நேரத்தில் போகலாம் என்றால், கழிவறை வாசலில் அத்தனை கூட்டம். சூப்பர்வைசர் ஜீவானந்தம் சார் நல்ல மனிதர். "பாத்ரூம் போகாதீங்கன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனாம்மா?" என்பார். உண்மைதான், சொன்னதே இல்லை. ஒருநாள் எங்கள் வரிசையில் இருந்த நிஷா வயிற்றுவலியில் எழுந்து ஓடினாள். அந்தச் சனிக்கிழமை எங்களுக்குச் சாம்பார் சாதம். "இன்னா நிஷா, சாம்பாரு எப்டி கீது? உன் சமையலாச்சே!" என்று கேட்டது சார் இல்லை. எங்கள் வரிசைப் பெண்கள்தான்.

போன மாதம் பஸ்ஸில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். குரோம்பேட்டையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "கல்லாம் பாப்பா. ஒரு கிட்னி வீங்கிக்கினு கீதாம். தண்ணி குடிக்கலன்னா அது பூடுமாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "குடிங்கக்கா!"

"குடிச்சிட்டு? நிஷாவ இன்னா பேச்சு பேசுனாளுங்க, பாத்த இல்ல?"

இந்தத் திங்கட்கிழமை பாராட்டுக் கூட்டம். ஆண்டு முழுவதும் தன்னால் ஒருமுறைகூடச் சிவப்பு விளக்கு எரிய விடாத ஊழியர் என்று அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். பரிசு, அவர் பெயர் பொறித்த சில்வர் தண்ணீர் பாட்டில். எல்லாரும் கைதட்டினார்கள். இந்த வேடிக்கை அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை.

"இனிமேலாவது குடிப்பீங்களாக்கா?"

அவர் கேன்டீனுக்குப் போய், பாட்டில் நிறைய வெந்நீர் பிடித்து வந்தார். மூடியை இறுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் வலிக்கும் இடத்தில் அதைச் செருகி, அழுத்திச் சாய்ந்துகொண்டார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு அடுத்த வயர் 'டிக்' என்றது.