விளக்கு வைக்கிற நேரத்துக் கேள்வி

திரையைப் பார்க்க மாட்டாள். உட்கார்ந்திருப்பவரின் விரலைத்தான் பார்ப்பாள். கம்ப்யூட்டர் காட்டும் பிழைச் செய்தி ஒன்றை மாற்றி எழுதினால், டீ கொண்டுவருபவரையாவது பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள் என் தங்கை அல்லி. விரல் தயங்கினால், "உங்க மேல தப்பில்லைங்க, நான் எழுதினது சரியில்ல" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்காலில் உரக்கடைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் அவளுக்கு வேலை. எங்கள் ஊர் வரிச்சிக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் புரோகிராம் எழுதும் முதல் பெண் இவள்தான். ஆரம்பத்தில் கறுப்புத் திரையில் இப்படித்தான் வரும்: 'பிழை 58. ஓவர்ரைட்?' பழையதை அழித்து அதன்மேல் எழுதட்டுமா என்று அர்த்தம். ஆமாம் என்றால் 'ஒய்' எழுத்தைத் தட்ட வேண்டும், இல்லை என்றால் 'என்' எழுத்தை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

எண்பத்தாறு கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அந்தக் கேள்வி காசியம்மாவிடம் வந்தது. கணக்கைத் தட்டிப் பதிகிற வேலை அவளுக்கு. முன்பு மளிகைக் கடையில் இருந்தவள். விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. உப்பு தீர்ந்திருந்தாலும் "நாளைக்கு வருதுங்க" என்பார்கள். மிஷின் கேட்டதும் அதே பழக்கத்தில் ஒய்யைத் தட்டினாள். அன்றைய கணக்கு மட்டும் பதிந்தது. சம்பா பருவத்துக் கணக்கு முழுவதும் அழிந்தது.

"வெளக்கு வச்ச நேரத்துல எப்படி அல்லி இல்லேங்கறது?" என்று அழுதாளாம்.

"கேள்விய எழுதினது நான்தாங்க. அவங்கள ஏன் வேலைய விட்டு நிறுத்துறீங்க?" என்று முதலாளி அம்பலவாணனிடம் கேட்டிருக்கிறாள் அல்லி.

"கேள்வி நல்லாத்தான் இருக்கு, போம்மா. பதில்தான் தப்பு."

அதற்குப் பிறகு அல்லி எழுதியது, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'இதே பெயரில் பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பத்திரமாக வைக்கலாமா?' யோசிக்காமல் ஆமாம் என்று தட்டினாலும் எதுவும் அழியாது. கடைக்காரர்கள் மெச்சுகிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளோ யாராவது அதைப் பேசினால் எழுந்து போய்விடுகிறாள்.

போன வாரம் அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காசியம்மா இப்போது வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். காசியம்மா நிதானமாகப் படித்தாள்.

"பச்சப்புள்ளைக்குக்கூடப் புரியுமே! மொதலாளி என்னைத் திரும்ப வரச் சொன்னாரா?"

முதலாளி அப்படி எதுவும் சொல்லவில்லை. யாரோ பிரித்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்த புடவை ஒன்றை அல்லி எடுத்து உதறி, மடிப்பதற்காக ஒரு முனையைக் காசியம்மாவிடம் நீட்டினாள்.