தப்பு ஏறாத மேடை

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாங்கள் மூன்று பேர் ராக் குழு தொடங்கினோம். நான் கொழும்பு ஹோட்டல்களில் வருஷக்கணக்காகக் கிதார் வாசித்தவன். டிரம்பெட் சேவியர் பக்கத்து வெலிங்டனில் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னோடு கப்பலேறிய முத்தையா அண்ணன் கண்டித் தோட்டங்களில் தப்பு அடித்தே பேர் வாங்கியவர். எலெக்ட்ரிக் கிதாரோடு தப்பைச் சேர்த்து, அதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தத்தைத் தேடினோம்.

எஸ்டேட் கிளப்பில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேடையேறும்போது செயலாளர் தப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சாவு மேளத்த வெளிய வெச்சுட்டு வாங்க. சிலோன்காரங்களுக்கு மேடை குடுத்ததே பெருசு."

"நீங்க வாசிங்க தம்பி, நான் வெளியில நிக்கிறேன்" என்று முத்தையா அண்ணன் சாதாரணமாக இறங்கிப் போனார். அதுதான் என்னைக் கொளுத்தியது. அங்கே, இலங்கையில், எங்களைத் திருட்டுத்தனமாக வந்த கள்ளத்தோணி என்று ஏசினார்கள். இங்கேயும் இதுதானா?

"அவரில்லாம வாசிக்கறதில்லீங்க" என்று சேவியர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்; நானும் கிதாரோடு பின்னால் போனேன்.

முன்பின் தெரியாத கிளப் சமையற்காரர் சமையலறை ஜன்னல் வழியே கரண்ட் வயரை நீட்டினார். "இதுல மாட்டுங்க. கேட்டா நான் சொல்லிக்கறேனுங்க."

புல்வெளியில் நின்று வெறியோடு வாசித்தோம். உள்ளே ஜன்னல்களைச் சாத்தினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து சனம் திரண்டு வந்தது.

மறுநாளே சமையற்காரருக்கு வேலை போனது. ஊட்டியில் ஒரு ஹோட்டலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மூவரும் தேடிப் போனோம். டீ கொடுத்து, "நல்லா வாசிச்சீங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செயலாளர் மேல் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.