ஆர்லிஸின் கால் எட்டிய வண்டி

மைல்ஸ் சிட்டி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போட்டே வயதானவள் ஆர்லிஸ் ஹேகன். குள்ளம். பெரிய அண்டாவைக் கிளறுவதற்கென்றே அவளுக்கு அங்கே ஒரு முக்காலி உண்டு. கணவன் வெர்லின் மாட்டு லாரி ஓட்டியவன். இருவரும் ஓய்வு பெற்றதும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கேம்பரை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீட்டை, வாங்கினார்கள். அதைத் தங்கள் பழைய பிக்கப் வண்டியில் மாட்டி ஊருக்கு வெளியே மேட்டில் ஏறியபோது, வண்டியின் பின்பக்கம் தரையோடு அமுங்கி, கேம்பர் வால் மாதிரி ஆட ஆரம்பித்தது. மெதுவாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

மறுவாரம் வண்டி விற்கிற இடத்துக்குப் போனார்கள். விற்பனையில் இருந்த டிரெண்ட், ஆர்லிஸ் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இருப்பதிலேயே உயரமான டீசல் வண்டியைக் காட்டினான்.

"இது வீட்டையே இழுக்கும், மிஸஸ் ஹேகன்."

"இழுக்கறதுல என்ன இருக்கு? எவ்வளவு சுமக்கும்னு சொல்லு," என்றான் வெர்லின். "கேம்பரோட மூக்கு இதோட முதுகுலதான உக்காரும்? அதுக்கு மேல நாங்க ரெண்டு பேரு, நாயி, சாமான் செட்டு எல்லாம் இருக்கு." கதவைத் திறந்து, எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் காட்டினான். "ஆர்லிஸ், அதப் படி. கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன்."

கண்ணாடி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆர்லிஸ் பார்த்தாள். எண்ணைப் படித்துச் சொன்னாள்.

"சரி, ஸ்டியரிங் பக்கம் ஏறி உக்காரு," என்றான் வெர்லின்.

"நான் எதுக்கு? ஓட்டப்போறது நீதான?"

"ஏறேன்."

ஏறினாள். வண்டியின் மூக்குக்கு மேலே வானம்தான் தெரிந்தது. அடுத்த வண்டியில் பிரேக்கை மிதிக்க இருக்கையின் நுனிக்கு நகர வேண்டியிருந்தது. "ஆகாது," என்று வெர்லினே தள்ளிவிட்டான். மூன்றாவது, ஏற்கனவே ஒருவர் ஓட்டிய பெட்ரோல் வண்டி. மஞ்சள் சீட்டின் எடைக் கணக்கும் ஒத்து வந்தது. இருக்கையை உயர்த்தினால் சாலை தெரிந்தது, கால் எட்டியது, பக்கக் கண்ணாடிகள் கேம்பரைத் தாண்டிப் பின்னால் பார்க்கிற அளவு நீளமாய் இருந்தன.

ஓட்டிப் பார்க்க அவர்கள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

வெர்லின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மடியில் வைத்தான். "குளிர்காலத்துலேர்ந்து. பார்க்கிற எடத்துல நடுவுல மட்டும் அழிச்ச மாதிரி இருக்கு. பில்லிங்ஸ் வரைக்கும் போயி டாக்டரப் பாத்தேன். இனி வண்டியத் தொடாதன்னுட்டாரு."

"தனியாப் போனியா? அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு?"

"டேல் கூட்டிட்டுப் போனான்."

"உன் தம்பிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்பறமும் அந்த மேட்டுல ஓட்டின."

"தப்புதான்," என்றான். "உங்கிட்ட சொன்னா கேம்பரே வேணாம்னுருவ. அதான் பயம்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவன் முழங்கால்மேல் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்," என்று வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வண்டியையே வாங்கினார்கள். கோடை முழுக்கச் சந்தைத் திடலில் பயிற்சி. "பின்னால தள்றப்ப ஸ்டியரிங்க அடில பிடி. கேம்பர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகத்து," என்பான். முதல் நாளே அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு பீப்பாயைச் சாய்த்தாள். "தப்பு பீப்பா மேலதான?" என்று அவன் கேட்க, அந்தப் பாலத்துக்குப் பிறகு நான்கு நாளாக வராத சிரிப்பு அவளுக்கு அப்போது வந்தது.

செப்டம்பரில் ஃபோர்ட் பெக் ஏரிக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்: மான் கூட்டம், வைக்கோல் உருளைகள், கதவில்லாத ஒரு தேவாலயம். ஏரிக்கரையில் கேம்பரைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது முதல் தடவை கோணிக்கொண்டது. பக்கத்தில் கேம்பர் நிறுத்தியிருந்த ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார்.

வெர்லின் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தான். "விடுங்க. அவ பாத்துப்பா," என்றான்.

திறந்த ஜன்னல் வழியே அது அவள் காதில் விழுந்தது. கொஞ்சம் முன்னால் எடுத்து, மறுபடி மெல்லப் பின்னால் விட்டாள்.