நதாவின் கவுன்டரில் இருபத்து நான்கு போத்தல்கள்

சாம்பவியின் சாதிக்காய் ஊறுகாய் மாத்தளையை விட்டுக் கொழும்புக்குப் புறப்பட்டது சென்ற ஜூன் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன், இருபத்து நான்கு போத்தல்களையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கவுன்டரில் தலைகீழாக நிறுத்திவிட்டு, நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள் நதா.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூரியர் கடையில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. எந்தப் பொதியையும் காதருகே வைத்துக் குலுக்குவாள். ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டுவாள். "உள்ளுக்கு என்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேளாமல் முகத்தைப் பார்ப்பாள். லீவுக்கு வரும் கெம்பஸ் பிள்ளைகள் இப்போது சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்து அனுப்புகிறார்கள். தொழில் தொடங்கச் சொல்லிப் பல்கலைக்கழகமே பாடம் நடத்துகிறது. நதாவுக்கு அதிலும் சந்தேகம். "அங்க பூராவும் கைதட்டுறவங்க. சாமான் ஒழுகுனா என்கிட்ட தானே வந்து நிப்பாங்க."

ஐந்தாவது நிமிடத்தில் மூன்று போத்தல்கள் கசிந்தன.

சாம்பவி ரத்தோட்டைக்காரி, இறுதியாண்டு மாணவி. கொட்டையை எடுத்துக்கொண்டு எல்லோரும் வீசி எறியும் சாதிக்காய்ச் சதையில் ஊறுகாய் போடுவது அவளுடைய யோசனை. முதல் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தது கொழும்புக் கடையொன்று. கடை வேண்டாமென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசிரியர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு.

நதா பெட்டியை ஏற்க மறுத்தாள். வேன் நாலு மணிக்கு. சாம்பவிக்குக் கோபம் வந்தது.

"நீங்க பிஸ்னஸ் படிச்சிருக்கீங்களா அக்கா?"

"நான் ஓ லெவல் தான் புள்ள. போத்தல் ஒழுகுறத பாக்க டிகிரி வேணுமா?"

சாம்பவி கடைத்தெருவுக்கு ஓடிப் புது மூடிகள் வாங்கிவந்தாள். அதுவரை வேன் டிரைவரைக் கதை சொல்லியே நிறுத்திவைத்தாள் நதா. பெட்டியை ஒட்டிய பிறகு, அனுப்புபவர் பெயருக்குக் கீழே சாம்பவியின் நம்பரை வெட்டிவிட்டுத் தன் நம்பரை எழுதினாள்.

வரிசையில் அடுத்து நின்ற நான் காரணம் கேட்டேன். "இதுக எக்ஸாம்னு போன ஆஃப் பண்ணிரும். டெலிவரிக்காரன் ஒரு தடவ தான் அடிப்பான்" என்றாள். நான் நம்பவில்லை. ஆறு வருடம் வெளிநாட்டு பஸ் நிலையங்களில் மூட்டையோடு அலைந்து, பலரிடம் ஏமாந்தவள் நான். நல்ல சரக்கும் கடையின் தொடர்பும் இனி இவள் கையில் என்றுதான் தோன்றியது.

கொழும்புக் கடையிலிருந்து பதில் வரவில்லை. சாம்பவி இரண்டு முறை விசாரித்துப் போனாள். இரண்டாவது முறை நானும் அங்கிருந்தேன். அவள் கையில் பரீட்சை வழிகாட்டி இருந்தது. "மெய்யாவே ஒண்ணும் வரலையா அக்கா?" என்றபோது குரலில் என்னுடைய சந்தேகமே ஒலித்தது. நதா தன் போனை அவள் பக்கம் தள்ளினாள். அவள் அதைத் தொடாமலே போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து, ஜனவரியில் நான் கவுன்டரில் நிற்கும்போது நதாவின் போனுக்கு அந்தக் கடையின் செய்தி வந்தது. கடையைத் திருத்தி இப்போதுதான் திறந்தார்களாம். ஊறுகாய் நாலே நாளில் முடிந்துவிட்டதாம். மாதம் அறுபது போத்தல் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

நதா நம்பவில்லை. கடைக்கே போன் செய்து, பெட்டியின் மேல் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னாள். பிறகு சாம்பவிக்கு அடித்தாள். போன் ஆஃப்.

பகல் பதினொரு மணி. வரிசையில் நின்ற எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். ரத்தோட்டை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள்.