பழைய படத்தில் இருந்த பலகை

போன ஞாயிறு பூசை முடிந்ததும் என் மனைவியின் தம்பி அந்தோணி நேராக எங்கள் பாக்கார் ஆராங் வீட்டுக்கு வந்தான். வந்தவன் காரை விட்டு இறங்கவில்லை.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போவணும். தனியா போவ முடியல. நீங்களும் வாங்க லா."

அந்தோணி, குருண் ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் சூப்பர்வைசர். இந்த ஆண்டு அவனுடைய கம்பெனி தாளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, சகலத்தையும் கைப்பேசிச் செயலிக்கு மாற்றியது. தினமும் காலை எட்டு மணிக்குள் சாரத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் ஏறிப் பார்த்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் தலைமை அலுவலகத் திரையில் பச்சை. தாமதித்தால் சிவப்பு... உடனே போன் வரும்.

நல்ல ஏற்பாடுதானே? ஆனால் ஏழரைக்கே கான்கிரீட் லோரி வந்து நிற்கும். ஆட்களைப் பிரித்து விட வேண்டும். ஐந்து அடுக்கு ஏறி இறங்க எங்கே நேரம்? ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினான்.

"இதுக்கு ஏன்டா தலைய பூசிங் ஆக்கிக் கொழப்பிக்கிற? ஒரே நாள்ல நெறைய படம் எடுத்து வெச்சிக்க. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பு" என்றேன் நான்.

ஆமாம், யோசனை என்னுடையது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் எல்லாம் பச்சை. நான்காவது வாரம் முனியாண்டி விழுந்தார்.

செமிலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகும் கொத்தனார் அவர். மூன்றாவது அடுக்கில் ஒரு பலகை இல்லை. யார், எப்போது கழற்றினார்களோ தெரியாது. சிமெண்ட் வாளியோடு காலை வைத்தவர் கீழே போய்விட்டார். முதுகெலும்பில் அடி. இரண்டு கால்களிலும் உணர்ச்சி இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் செயலியைத் திறந்தார்கள். அன்று காலை ஏழு நாற்பதுக்கு வந்த படத்தில் பலகை இருந்தது! அதற்குப் பிறகு மூன்றாவது அடுக்குக்கு ஏறியவர் முனியாண்டி ஒருவர்தான். ஆக, பலகையை எடுத்தவரும் அவரே என்று முடிவு கட்டினார்கள்.

அது மூன்று வாரத்துக்கு முந்திய படம் என்று அந்தோணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெளியே சொன்னால் அவன் வேலை போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே முனியாண்டியின் மனைவி லெட்சுமி உட்கார்ந்திருந்தார். அந்தோணி வாயைத் திறப்பதற்குள் முனியாண்டி முந்திக்கொண்டார்.

"தம்பி, என்னால ஒனக்கு எவ்வளோ சூசா, எவ்வளோ தொல்ல. பலகைய எடுத்த ஞாபகமே இல்லப்பா. ஆனா போட்டோவுல இருக்குதாமே... நான்தான் எடுத்திருப்பேன். மன்னிச்சிக்க."

இதைவிடக் கொடுமை உண்டா? தன் நினைவை விட்டுவிட்டுப் படத்தை நம்பிவிட்டார் மனிதர். "இவருக்கு எப்பவுமே அவசரந்தான்" என்று லெட்சுமியும் தலைகுனிந்து சொன்னார்.

அந்தோணி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அது பழைய படம். அன்னிக்கு நான் மேல ஏறவே இல்ல. நீங்க எடுக்கல. நாளைக்கே கம்பெனில சொல்லிடறேன்."

திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். முனியாண்டி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா லெட்சுமி? நான் எடுக்கல."

கால்கள் இனி வராது என்று டாக்டர் சொன்னபோதுகூட அழாதவராம். அப்போது வாய்விட்டு அழுதார்.

மறுநாள் அந்தோணி சொன்னபடி சொல்லிவிட்டான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். பழைய படங்களை ஏற்காதபடி செயலியை மாற்றுகிறார்களாம். மாற்றட்டும். திரையில் பச்சை விழுந்தால் சாரமும் உறுதியாகிவிடும் என்று நினைத்த எங்களை எந்தச் செயலி மாற்றும்?

அந்தக் கட்டிலருகே நானும் வாயைத் திறந்திருக்க வேண்டும். யோசனை சொன்னவன் நான்தான் என்று... முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன்.

முனியாண்டி வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை.