அவங்க ஒனக்கு யாரு?

அந்த ஹெல்மெட் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கருநீலம், இடது பக்கம் ஒரு கீறல். அதை வாங்கிக் கொடுத்தவன் கடையிலேயே என் தலையில் மாட்டி, குனிந்து, வாரை என் தாடைக்கு அளவாக இழுத்துப் பூட்டினான். வாருக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, "கரெக்டா கீது, இனிமே இத்த லூஸ் பண்ணாத," என்றான். என் உயிரைப் பற்றி அதுவரை எந்த ஆணும் அப்படிக் கவலைப்பட்டதில்லை. கடைக்காரர் முன்னாலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு. அவனை 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். பழகின நாளெல்லாம் வாடா போடா என்றே கூப்பிட்டதால் கை வரவில்லை.

ஃபோனில் வரன் பார்க்கிற ஒரு செயலியில்தான் பழக்கமானோம். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். அவன் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் சூப்பர்வைசர், தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. வாழ்க்கையில் உங்களுக்கு எது முக்கியம் என்று அந்தச் செயலி கேட்கும். சுதந்திரம், பயணம், பக்தி, வசதி என்று என்னென்னவோ காட்டும். நான் 'குடும்பம்' என்பதைத் தொட்டிருந்தேன். அவனும் அதையேதான் தொட்டிருந்தான். "பாத்தியா, ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி," என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தான். நானும் பூரித்துப் போனேன். அந்த வார்த்தைக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று நான் அவனைக் கேட்கவில்லை, அவனும் என்னைக் கேட்கவில்லை. அதையெல்லாம் யாராவது கேட்பார்களா?

எங்கள் வீடு எர்ணாவூரில், அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் மூன்றாவது மாடி. அப்பா இல்லை. அம்மா ராயபுரத்துக்கு இறால் உரிக்கப் போய்விடுவாள், நான் ஆபீசுக்கு. நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் தண்ணீர் லாரி வரும். எதிர் வீட்டு அக்கா தன் குடங்களோடு எங்கள் குடங்களையும் கொண்டுபோய் வரிசையில் வைப்பாள். இது யாருது என்று எவளாவது மல்லுக்கு நின்றால், "எங்க வூட்டுக் கொடம், இன்னா இப்ப?" என்பாள். அக்காவுக்கு இளைப்பு நோய். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, எங்கள் குடத்தையும் மேலே ஏற்றிவிட்டுத்தான் உட்காருவாள். அதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. நம் வீட்டில் இருப்பவர்களுக்கு யார் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கண் எரிந்தது. எங்கள் பக்கம் நாற்றம் புதிதில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று சாத்திய பிறகும் தொண்டையைப் பிடித்தது. கீழே யாரோ, "கேஸு லீக் ஆய்ட்ச்சு, ஓடுங்க!" என்று கத்தினார்கள். எந்தத் தொழிற்சாலை, என்ன வாயு, எந்தப் பக்கம் ஓடவேண்டும், ஒன்றும் தெரியாது. அம்மா வேலையில் இருந்தாள். எதிர்க் கதவைத் தள்ளினால் அக்கா தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்திருந்தாள். அவள் புருஷனும் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தான். மூச்சுக்கு அடிக்கிற பம்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், அதில் மருந்து தீர்ந்திருந்தது. அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். என் பிடரியில் அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது.

தெருவே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அப்போது எல்லோரும் ஓடுகிற திசைக்கு எதிராக ஒரு பைக் வந்தது. அவன்தான். முகத்தில் ஈரத்துண்டு, கண்ணிரண்டும் சிவந்து, முழங்கையில், எனக்கென்று அவன் வண்டியிலேயே வைத்திருந்த அந்தக் கருநீல ஹெல்மெட். ஊரே வெளியே ஓடும்போது எனக்காக உள்ளே வந்தான். இதை யாரிடம் சொன்னாலும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, "குந்து, சீக்கிரம்," என்றான். "நடுவுல அக்கா குந்தட்டும்டா, பின்னால நான் புடிச்சிக்கிறேன். ஆஸ்பத்திரில வுட்டுடலாம்," என்றேன். அக்காவைப் பார்த்தான். அவள் உதடு கறுத்திருந்தது. "வேணா. நடுவழியில ஏதாச்சும் ஆய்ட்டா எம் மேல வரும். அவங்க வூட்டு ஆளுங்க வந்து பாத்துப்பாங்க. நீ ஏறு."

ஏறத்தான் போனேன். பொய் சொல்வானேன், ஒரு கால் வண்டியின் மிதியில் இருந்தது. உயிர் யாருக்குத்தான் இனிக்காது? அக்கா என் கையை விட்டுவிட்டாள். போ என்பதுபோல் விரலை மட்டும் ஆட்டினாள். எனக்குக் காலை எடுக்கவும் முடியவில்லை, ஏறி உட்காரவும் முடியவில்லை. அவன் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே கேட்டான்: "இன்னா பாத்துகினு கீற? அவங்க ஒனக்கு யாரு?" உறவுமுறையைத் தேடிப் பார்த்தேன். சித்தியில்லை, பெரியம்மா மகளில்லை. காலை எடுத்துத் தரையில் வைத்தேன். "நம்ம குடும்பத்த மட்டும் பாரு, சொல்ட்டேன்," என்று அவன் கத்தியது ஹெல்மெட்டுக்குள் மந்தமாகக் கேட்டது. கொஞ்சம் நின்று பார்த்தான். பிறகு போய்விட்டான்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் ஒரு குட்டியானை வண்டி ஆட்களை அடைத்துக்கொண்டு வந்தது. கையைக் காட்டினேன். மேலே இருந்தவர்கள் அக்காவைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். நான் தொற்றி ஏறும்போது வண்டியின் கதவில் இடித்து ஹெல்மெட்டில் அந்தக் கீறல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாஸ்க் மாட்டியபடியே நர்ஸ் என்னிடம் கேட்டாள்: "நீங்க அவங்களுக்கு யாரு?" அதே கேள்வி. இந்தத் தடவை யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொன்னது: "எங்க வூடு."

சாயங்காலம் அவன் ஃபோன் செய்தான். "சேஃபா கீறியா? சாப்ட்டியா? எங்க இருக்க, வந்து கூட்டிக்கினு போறேன்." குரல் உடைந்திருந்தது, அழுதிருப்பான். எனக்கும் ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அக்கா பிழைத்தாளா என்று கேட்பான், கேட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று காதில் ஃபோனை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு முடிந்துபோனது. மறுநாள் நானே கூப்பிட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டான். உனக்கு ஒரு குடும்பம், எனக்கு ஒரு குடும்பம்டா, இரண்டும் ஒன்றில்லை என்றேன். புரியவில்லை என்றான். ஹெல்மெட்டைக் கொடுத்தனுப்புகிறேன் என்றதற்கு, "நீயே போட்டுக்க, மறக்காம போடு," என்று சொல்லி வைத்துவிட்டான். பாவி, அதையாவது கேவலமாகச் சொல்லியிருக்கக் கூடாதா!

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சொந்த வீடு, நல்ல வேலை, குடி கிடையாது, இவனையும் வேண்டாம் என்றால் எவன் வருவான் என்று இன்றைக்கும் ஆரம்பித்துவிடுவாள். அக்காதான் ஒரு நாள் அவளை அடக்கினாள். "நல்ல புள்ளதான் அவன், இல்லன்னு யாரு சொன்னா? ஆனா இவளுக்கு மட்டும் நல்லவன்." இப்போது யாராவது வரன் என்று வந்தால், சம்பளம் எவ்வளவு, எந்தச் சாமி என்பதற்கெல்லாம் முன்னால், குடும்பம் என்றால் உங்களுக்கு யார் யார் என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அப்பா, அம்மா, தங்கச்சி என்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த ஞாயிறு இன்னொருவர் வருகிறார். அவரையும் கேட்கத்தான் போகிறேன்.

நேற்று அக்காவுக்குச் செக்கப். இப்போது என்னிடம் சொந்த ஸ்கூட்டர் இருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து அந்த ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டினேன். அக்காவுக்கு அகலமான முகம். பூட்டியதும், "மூச்சு முட்டுதுடி, இன்னாத்துக்கு இப்டி இறுக்கி வெச்சிகிற?" என்றாள். வாரைப் பார்த்தேன். கடையில் அவன் இழுத்து வைத்த அதே அளவு, என் தாடைக்கு மட்டுமான அளவு. இத்தனை நாளும் நான் அதைத் தொடவேயில்லை. கொக்கியைப் பிடித்து, வாரைக் கடைசி வரைக்கும் தளர்த்திவிட்டேன்.