கண் சரி, கதவைத் தள்ளவும்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சிவசங்கருக்கு நடந்தது. நம்பாதவர்கள் நெய்வேலிக்கு வந்து அவர் எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குமேல் உட்கார மாட்டார்கள்.

நகரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் அலுவலகம். அதன் ஆவண அறைக்குச் சாவி கிடையாது, கண்தான் சாவி. திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஓடும், கண் அதைத் தொடரும். ஒருவர் கண் ஓடுவதுபோல் இன்னொருவர் கண் ஓடாதாம். பொருந்தினால் பெயரோடு 'கண் சரி. கதவைத் தள்ளவும்' என்று திரையில் வரும். உள்ளே போகவும் இதே பரீட்சை, வெளியே வரவும் இதே பரீட்சை. அந்த மிஷினை மாட்டியவரே சிவசங்கர்தான்.

சோதனைக்கு முதலில் கண் கொடுத்தவர் ராமலிங்கம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கும் வேலை, இருபத்திரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். நிலக்கரி ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, அவர் கண் இடமிருந்து வலமாக வழுக்கும். வெடுக்கென்று திரும்பும். மறுபடி வழுக்கும்.

"சார், மிஷின்லயாவது நம்மள பர்மனென்ட்னு போட்டு வுடுங்க."

சிவசங்கரும் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். பர்மனென்ட் என்று போட்ட பதிவை அழிக்க முடியாது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்த மாதமே ராமலிங்கம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

அன்று சனிக்கிழமை. மதியம் 1.30க்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். 1.36க்கு ஒரு வயரைப் பார்க்க சிவசங்கர் உள்ளே போனார். செல்போன் வெளியே மேசைமேல். கதவு மூடிக்கொண்டது.

1.42. வெளியே வரத் திரையைப் பார்த்தார்.

'சிவசங்கர் இல்லை.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

'சிவசங்கர் இல்லை.'

ஏசி நின்றது. ஜன்னல் கிடையாது. திங்கள்கிழமை வரை ஆள் வராது. தட்டினார். கத்தினார். மூச்சு முட்டியது. இங்கேயே செத்துவிடுவோம் என்று பயந்துபோய், மகள் மலர்விழி பெயரைச் சொல்லி அழுதார்.

2.50. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

பெல்ட் ஓடும் சத்தம்.

அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தள்ளிக்குங்க சார். நான் பாக்கறேன்."

இமை தானாகத் திறந்தது...

கண் வழுக்கியது... வெடுக்...

டிங்.

கதவு திறந்தது.

வீட்டில் மனைவி தேவயானி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னங்க, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. கண்ணு ஏன் இப்படி ஓடிக்கிட்டே இருக்கு?" அவர் திங்கள்கிழமை முதல் வேலையாக அந்த அறைக்கு வெளிப்பக்கம் பெரிய இரும்புப் பூட்டாக வாங்கிப் போட்டார். சாவியை யாரிடமும் தரவில்லை.

ஒரு மாதம் கழித்து, கூட வேலை பார்க்கும் காயத்ரி மிஷினின் பதிவுகளைத் திறந்தாள். அந்தச் சனிக்கிழமை 2.53க்கு வெளியே வந்தவர் பெயர், ராமலிங்கம்.

அதற்குக் கீழே, மறுநாள் முதல் தினமும் மதியம் 1.42க்கு, அறைக்கு உள்ளே இருந்து, ஒரே வரி பதிவாகியிருந்தது.

'சிவசங்கர். கண் சரி. கதவைத் தள்ளவும்.'